நாடிக்கட்டு

பஸ் டிக்கெட்டை நீளவாக்கில் மடித்து வலது பக்கப் பற்களுக்கு நடுவே செருகிக் கடித்துக்கொண்டு இழுத்தால் வரவில்லை. இடது பக்கம் செருகி இழுத்தால் வந்துவிடுகிறது. ஒரு சண்டை கிடையாது, பிடிவாதம் கிடையாது, வா என்றால் வருகிறது. இன்னொரு தடவை பார்த்தேன். வந்தது. காலையில் தூத்துக்குடியில் பஸ் ஏறியதிலிருந்து இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன், டிக்கெட்டின் ஒரு முனை எச்சிலில் ஊறி எழுத்தெல்லாம் அழிந்துவிட்டது. செக்கிங் வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன், தாடை நகர்ந்துவிட்டதா என்று பார்த்தேன் சார் என்றா. பக்கத்தில் அம்மா வயர்கூடையை மடியில் வைத்துக்கொண்டு எதிர்ச்சுவரில் ஒட்டியிருக்கும் பல் விளக்கும் படத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பார்க்காத மாதிரி இருக்கிறாள் என்று சொல்ல வேண்டும். டிக்கெட் வாய்க்குள் போகும்போதெல்லாம் கூடையின் கைப்பிடியை அவள் விரல் இறுக்கிப் பிடிக்கிறது, வெளியே வந்ததும் விடுகிறது. பல் ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடி. எக்ஸ்ரே மத்தியானமே எடுத்தாயிற்று. நாடியை ஒரு மேடையில் வைக்கச் சொல்லி, அசையாதே என்று சொல்லி, ஒரு இயந்திரம் என் தலையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. அந்தப் படம் இப்போது டாக்டரம்மாவின் அறைக்குள் கம்ப்யூட்டரில் இருக்கும். என் எலும்பு நின்றதா நகர்ந்ததா என்பது அந்த மூடிய கதவுக்குப் பின்னால் ஏற்கெனவே முடிவாகி உட்கார்ந்திருக்கிறது. டாக்டரம்மா ஆபரேஷன் தியேட்டரில் இருக்கிறார், வந்து பார்த்துச் சொல்வார். அதுவரை எனக்கு டிக்கெட்தான் எக்ஸ்ரே.

நகர்ந்திருக்காது என்று ஒரு பக்கம் சொல்லிக்கொள்கிறேன். இரும்பா, மண்ணா, டைட்டானியம். கீழ்த்தாடையை இரண்டு பக்கமும் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் அறுத்து, முன்னால் துருத்திக்கொண்டிருந்ததைப் பின்னால் தள்ளி, தகடு வைத்து ஸ்க்ரூ போட்டிருக்கிறார்கள். ஸ்க்ரூவைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஆறு வருஷமாக மூக்குக்கண்ணாடிக் கடையில் ஸ்க்ரூதான் முடுக்குகிறேன், எறும்புத் தலை அளவு ஸ்க்ரூ. மடக்கி விரிக்கும் எந்த இடத்திலும் ஸ்க்ரூ நிற்காது, ஒரு நாள் கழன்று வரும். அதனால் முடுக்கிவிட்டு மேலே ஒரு சொட்டு நகப்பாலிஷ் வைப்போம், அது காய்ந்து பிடித்துக்கொள்ளும். ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டரம்மாவிடம் கேட்டேன், உள்ளே என்ன வைப்பீர்கள் என்று. சிரித்தார். “எலும்பே வளந்து பிடிச்சுக்கும்மா. அதுவரைக்கும் அசையாம இருக்கணும், அவ்வளவுதான். எலும்பு நாம வெச்ச இடத்துல நிக்கும். சதைதான் நிக்க விடாது. இருபத்தெட்டு வருஷமா இருந்த இடம் அதுக்குத் தெரியும், அங்கேயே இழுக்கும். அதுக்குத்தான் ரப்பர். சாப்பிடுற நேரம் தவிர ரப்பர் வாயில இருக்கணும்.” மேல்பல் கம்பியிலிருந்து கீழ்ப்பல் கம்பிக்கு மாட்டுகிற குட்டி ரப்பர் வளையம், இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. எனக்கு உடனே புரிந்துவிட்டது. நகப்பாலிஷ் என்றால் இதுதான். கடையில் கூட வேலை பார்க்கும் ஜெபா, மரை கழண்டவளுக்கு ஒரு வழியாக ஸ்க்ரூ போட்டாச்சு என்று போனில் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரிக்கப் பார்த்தேன், கீழுதடு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை. நாடியைத் தொட்டால் வேறு யாருடைய நாடியையோ தொடுகிற மாதிரி இருக்கிறது. கஞ்சி வழிந்தால் எனக்குத் தெரியாது, அம்மாதான் முந்தானையால் துடைப்பாள்.

அந்த நாடி அப்பாவுடையது. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அப்பா தண்ணீர் லாரி ஓட்டினார், ஜன்னல் வழியாக முதலில் நாடி வரும், அப்புறம்தான் லாரி வரும் என்பார்கள். அவருக்கு அது ஒரு கெத்து. எனக்குப் பள்ளிக்கூடத்தில், நாடியில் குடையைத் தொங்கப்போடலாம் என்றார்கள். முன்பற்கள் ஒன்றோடொன்று சேராது. தையல் நூலைப் பல்லால் கடித்து அறுத்ததில்லை, முறுக்கை முன்பல்லால் கடித்ததில்லை, எதையும் ஓரமாகக் கொண்டுபோய் அரைத்து அரைத்து, ராத்திரியானால் காதுக்கு முன்னால் விண்ணென்று வலிக்கும். வலிக்குது என்றபோதெல்லாம் அம்மா வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். ஆபரேஷன் என்றபோது மட்டும், “அது உங்க அப்பா நாடிட்டி. அத ஏன் போட்டு அறுக்க?” என்றாள். அப்போது அப்பா போய் இரண்டாம் வருஷம். அப்பா போனது நினைவுக்கு வந்தால் எனக்கு முகம் வருவதில்லை, கட்டுதான் வருகிறது. மத்தியானம் சாப்பிட்டுச் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வாய் திறந்திருந்தது. பெரியப்பா, “நாடியக் கட்டிரு, விறைச்சிட்டுன்னா மூடாது” என்றார். அம்மா அவருடைய வேட்டியிலேயே ஒரு கிழி கிழித்து, நாடிக்குக் கீழே கொடுத்து உச்சந்தலையில் முடிந்தாள். கட்டு நிற்கவில்லை. நாடி முன்னால் நீட்டிக்கொண்டிருந்ததால் துணி வழுக்கி வழுக்கித் தொண்டைக்குப் போனது, வாய் மறுபடியும் திறந்தது. இரண்டாம் முறை கட்டினாள், வழுக்கியது. பெரியப்பா, இன்னும் இறுக்கு என்றார். மூன்றாம் முறை முழங்காலை ஊன்றிப் பலம் கொண்ட மட்டும் இழுத்து முடிச்சுப் போடும்போது அம்மா அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து, “வலிக்கா?” என்று கேட்டாள். வீடே அமைதியாகிவிட்டது. எல்லாரும் அவர் பதில் சொல்வார் என்று காத்திருந்த மாதிரி ஒரு அமைதி. அப்புறம்தான் அம்மா கத்த ஆரம்பித்தாள். அதுவரை அவள் அழவே இல்லை.

என்னைத் தியேட்டரிலிருந்து வார்டுக்குக் கொண்டுவந்தபோது தலையைச் சுற்றி நாடியைத் தூக்கி ஒரு வெள்ளைக் கட்டு. வீக்கம் குறைய எல்லாருக்கும் போடுவார்கள். யாரும் அம்மாவிடம் சொல்லவில்லை, சொல்ல வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, எனக்கே தெரியாது. நான் கண்ணைத் திறந்தபோது அம்மா கட்டில் ஓரத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். எழுந்தாள், என்னைப் பார்த்தாள், நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் உச்சியில் இருந்த முடிச்சை அவிழ்த்துவிட்டாள். நர்ஸ் வந்து கத்திவிட்டுத் திரும்பக் கட்டினாள். அம்மா திரும்ப அவிழ்த்தாள். என்ன பெரியம்மா பைத்தியமா என்று கேட்டதற்கு, “உயிரோட இருக்க பிள்ளைக்கு எவளாவது நாடிக்கட்டுக் கட்டுவாளா?” என்று திருப்பிக் கேட்டாள். டாக்டரம்மா வந்து, சரி விடுங்க, இது வீக்கத்துக்குத்தான், ரப்பர் இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனார். ரப்பர் இருந்தால் போதும். அந்த வார்த்தை அம்மா காதிலும் விழுந்தது. ஆனால் வீட்டுக்கு வந்த முதல் நாள் சாயங்காலம் விளக்கேற்றப் போனவள் தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பி நின்றாள். “ஏட்டி, விளக்கு வைக்க நேரத்துல வீட்டுக்குள்ள ஒருத்தி வாயக் கட்டிட்டு உக்காந்திருந்தா வெளங்குமா? சித்த நேரம் கழத்திரு. விளக்கு மலையேறினதும் மாட்டிக்க.” நான் கழற்றினேன். சும்மா ஒரு கால்மணி நேரம், அதற்குள் என்ன ஆகிவிடும். மறுநாளும் கழற்றினேன். அப்புறம் விளக்கு மலையேறி, நாடகம் முடிந்து, கஞ்சி குடித்து, அதற்குப் பிறகுதான் மாட்டினேன். அப்புறம் அவள் சொல்ல வேண்டியதே இல்லை, தீப்பெட்டி உரசும் சத்தம் கேட்டால் கை தானாக வாய்க்குப் போகும். ரப்பரைக் கழற்றியதும் அம்மா முகத்தில் ஒன்று இறங்கும். பார்க்க நன்றாக இருக்கும். அதற்காகத்தான் கழற்றினேன். இல்லை, எனக்கும் அது சுகமாகத்தான் இருந்தது, ஒரு கொட்டாவி முழுதாக விடலாம். ஒன்றரை மாதமாக ஒவ்வொரு சாயங்காலமும் சதை பழைய இடத்துக்கு இழுத்திருக்கிறது, நானும் அம்மாவும் விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

கோபம் வருகிறது. அம்மா மேல்தான் வருகிறது, வேறு யார் மேல் வரும். டாக்டரம்மா கேட்கும்போது என்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸிலேயே ஒரு வாக்கியம் தயார் பண்ணிவிட்டேன். எங்க அம்மா கழத்தச் சொன்னாங்க டாக்டர். அவ்வளவுதான், சின்ன வாக்கியம். ‘ப’ வரும் வார்த்தை ஒன்றும் இல்லை, அதனால் உதடு உணர்வில்லாமலே சொல்லிவிடலாம். ‘ம’ வருகிறது, அதைச் சமாளிக்கலாம். சொன்னதும் அம்மா முகம் எப்படிப் போகும் என்று பார்க்க வேண்டும் போல ஒரு வெறி. உடனே அதே முகம் நினைவில் வந்து அந்த வெறியை அணைத்துவிடுகிறது. மறுபடி நாக்கு இடது பக்கம் போகிறது. கடைக்குக் கண்ணாடி கோணலாக இருக்கிறது என்று வருகிறவர்கள் யாரிடமும் நான் ஒன்று சொல்வதில்லை, கண்ணாடி கோணல் இல்லை, உங்கள் காது கோணல். ஒரு முகமும் நேர் கிடையாது. அரை மில்லிமீட்டரைக் கண்ணால் பார்த்துச் சொல்வேன். வீட்டுக் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தபோது முதல் வாரம் நேராக இருந்தது, இந்த நாடி யாருடையது என்று இருந்தது. போன வாரத்திலிருந்து அப்பா கொஞ்சம் எட்டிப்பார்க்கிறார். நல்லா இருக்கியா பிள்ள என்று ஜன்னல் வழியாக நாடியை நீட்டுகிறார். போங்கப்பா. ஒரே ஒரு வருஷம், ஒரே ஒரு முறுக்கு, முன்பல்லால் கடித்துவிட்டு வருகிறேன், அப்புறம் வாங்க. திரும்ப அறுப்பார்களோ. பழைய ஸ்க்ரூவைக் கழற்றினால் அந்த ஓட்டை அப்படியே இருக்கும், அதே ஓட்டையில் ஸ்க்ரூ பிடிக்காது, பக்கத்தில் புது ஓட்டை போட வேண்டும், எங்கள் கடையிலேயே அப்படித்தான், பழைய ஃபிரேமை அதற்கு மேல் தொட மாட்டோம், புதிது வாங்கிக்கொள்ளுங்கள் என்போம். எலும்புக்கு அப்படிச் சொல்ல முடியாது. போன முறை மயக்கம் தெளிந்தபோது தொண்டையில் ரத்த ருசி, மூக்கில் குழாய், வாய் கட்டிக் கிடக்கிறது, வாந்தி வந்தால் எப்படி எடுப்பது என்று நினைத்ததும் வாந்தி வருகிற மாதிரி இருந்தது, அம்மா என்று கூப்பிட முடியவில்லை. இன்னொரு முறை என்னால் முடியாது. நிஜமாகவே முடியாது. நான் செத்தால் எரித்த சாம்பலில் இந்தத் தகடுகள் கருத்துக் கிடக்கும், பொறுக்க வருகிறவர்கள் இது என்ன ஆணி என்று கேட்பார்கள். சீ, என்ன நினைப்பு இது. டிக்கெட்டை இடது பக்கம் வைத்தேன். வந்துவிட்டது.

வெளியே வெயில் இறங்கிவிட்டது. நடையில் உட்கார்ந்திருப்பவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக மங்கிக்கொண்டு வந்தன. யாரோ ஒரு ஆயா வந்து சுவரில் இருந்த சுவிட்சுகளை வரிசையாகத் தட்டினாள். டியூப்லைட் ஒன்று இரண்டு தரம் கண்ணடித்துவிட்டு எரிந்தது. அம்மா கூடையை விட்டுவிட்டு டியூப்லைட்டைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள், கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பஸ்ஸில் லைட் போட்டாலும் கும்பிடுவாள், கரண்ட் போய்த் திரும்பி வந்தாலும் கும்பிடுவாள். என் கை வாய்க்குப் போயிருந்தது. விரல் உள்ளே நுழைந்து வலது பக்க ரப்பரின் மேல் நகம் பட்டுவிட்டது. நான் போகச் சொல்லவில்லை, அது போய்விட்டது. அம்மா அதைப் பார்த்தாள். இப்போது சொல்லுவாள், சித்த நேரம் கழத்திரு என்பாள், இங்கே, இந்தக் கதவுக்கு முன்னாலேயே சொல்லுவாள் என்று காத்திருந்தேன். சொன்னால் கத்திவிடுவேன் என்றும் நினைத்தேன். சொல்லட்டும் என்றும் இருந்தது. அம்மா வாயைத் திறந்தாள். “லைட்டுப் போட்டாச்சு” என்று மட்டும் சொன்னாள். நான் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அப்போது, பிரம்மசக்தி யாரு, உள்ள வாங்க என்று என்னைக் கூப்பிட்டார்கள்.

டாக்டரம்மாவின் தலையில் இன்னும் தியேட்டர் தொப்பி இருந்தது. திரையில் இரண்டு மண்டையோடுகள், பக்கத்தில் பக்கத்தில், இரண்டும் நான்தான். ஒன்று ஆபரேஷன் முடிந்த மறுநாள், ஒன்று இன்று. தகடுகள் வெள்ளை வெளேரென்று தெரிந்தன. அவர் ஒரு கோடு இழுத்தார், இன்னொரு கோடு இழுத்தார். எனக்குக் கோடு வேண்டியதில்லை, பார்த்ததும் தெரிந்துவிட்டது. வலது பக்கம் ஸ்க்ரூக்கள் ஒரே வரிசையில் நிற்கின்றன. இடது பக்கம் பின்னால் இருந்த இரண்டும் லேசாகச் சாய்ந்திருந்தன, தலை கவிழ்ந்த மாதிரி. “கொஞ்சம் முன்னால வந்திருக்கும்மா. எலும்பு ஒட்ட ஆரம்பிச்சிருக்கு, ஆனா ஒட்டுற இடம் நாம வெச்ச இடம் இல்ல. ரப்பர் முழுநேரமும் போட்டியா?” என்று கேட்டார். அம்மா எனக்குப் பின்னால் கதவோரமாக நின்றுகொண்டிருந்தாள். கூடையின் கைப்பிடி கிறீச்சென்றது. வாக்கியம் தயாராக இருந்தது. நாக்கின் நுனியில் இருந்தது. “சாயங்காலம் கழத்திருவேன் டாக்டர்” என்றேன். “ஏன்?” “கொட்டாவி விட.” டாக்டரம்மாவுக்கு வந்ததே கோபம். “விளையாட்டா இது? படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. உன் கையிலதானே இருந்துச்சு?” என்றார். நான் தலையை ஆட்டினேன். ஆமாம், என் கையில்தான் இருந்தது. அப்புறம் குரலை இறக்கினார். “இப்பக் கெட்டி ரப்பரா மாத்திப் பூட்டிடறேன். ஒரு மாசத்துக்குக் கழத்தவே கூடாது, கஞ்சியும் ஸ்ட்ராவுலதான். வெளியிலயும் நாடியத் தூக்கி ஒரு கட்டு, வீட்டுல இருக்கும்போதெல்லாம் இருக்கணும். நின்னுட்டா நல்லது. நிக்கலன்னா திரும்பத் திறந்துதான் ஆகணும். இப்ப ஒண்ணும் சொல்ல முடியாதும்மா.” நிற்கும் என்று அவர் சொல்லவில்லை. சொல்வார் என்று கொஞ்சம் காத்திருந்து பார்த்தேன்.

ரப்பர் மாட்டினார்கள், இந்த முறை தடிமனானது. பல்லோடு பல் ஒட்டிக்கொண்டது. காதுக்கு முன்னால் அந்தப் பழைய வலி விண்ணென்று எழுந்தது. ஒரு பயிற்சி டாக்டர் பெண் வெள்ளைக் கட்டுத்துணியை உருளையிலிருந்து பிரித்துக்கொண்டு வந்தாள், வீட்டில் எப்படிக் கட்டணும்னு காட்டுறேன், பாத்துக்கோங்க பெரியம்மா என்றாள். அம்மா கதவோரத்திலிருந்து வந்தாள். கூடையைத் தரையில் வைத்தாள். “குடு. நான் கட்டுதேன்” என்றாள். “உங்களுக்குத் தெரியுமா?” என்று அந்தப் பெண் கேட்டதற்கு, “தெரியும்” என்றாள். துணியை வாங்கி ஒருமுறை உதறினாள். நாடிக்குக் கீழே கொடுத்தாள். அவள் விரல் பட்டது எனக்குத் தெரியவில்லை, நாடிதான் மரத்துக் கிடக்கிறதே, கன்னத்துக்கு வந்தபோதுதான் தெரிந்தது. துணி வழுக்கும் இடம் அவளுக்குத் தெரிந்திருந்தது. நாடியின் முனைக்குச் சற்று உள்ளே நடுவில் ஒரு மடிப்புக் கொடுத்து, காதுக்குப் பின்னால் ஏற்றி, உச்சந்தலைக்குக் கொண்டுபோனாள். “இன்னும் இறுக்கணும் பெரியம்மா” என்றாள் அந்தப் பெண். அம்மா இறுக்கினாள். வலது காதுக்கு முன்னால் உயிர் போனது. என் முகத்துக்கு நேராகக் குனிந்தாள். அவள் மூச்சில் காலையில் போட்ட வெற்றிலை வாசம் இருந்தது. “வலிக்கா?” என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்ல ஆசையாக இருந்தது. சொன்னால் தளர்த்திவிடுவாள், அவளுக்குத் தளர்த்தத்தான் தெரியும். வாய் பூட்டிக்கிடந்தது. “ம்ஹும்” என்றேன். மூக்கு வழியாகத்தான் வந்தது, ஆனால் வந்தது. முடிச்சைப் பிடித்த கை உச்சியில் நின்றது. இன்னும் ஒரு இழுப்பு இழுத்தாள். “வலிக்கா?” “ம்ஹும்.” முடிச்சுப் போட்டாள், அதன் மேல் இன்னொரு முடிச்சும் போட்டாள். அந்தப் பெண், போதும் பெரியம்மா, சரியா இருக்கு என்றாள். அம்மா அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. என் முகத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு மூன்றாவது தடவையும் கேட்டாள். நான் பதில் சொன்னேன்.